சந்தனம் பட்ட ரெகுலேட்டர்

என் அருமை கதிர்வேலு மச்சானுக்கு,

நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிறது. மெட்ராஸ் துறைமுகத்தில் கப்பலுக்கு அடியில் முங்கிப் பாசி சுரண்டிய உன்னைக் கடல் ஒன்றும் செய்யவில்லை. காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. இதற்கு யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

என் மகன் சேகர் இப்போது உன் வேலையைத்தான் பார்க்கிறான். தண்ணீருக்குள் மூச்சு விட நீ வாயில் கவ்வியிருந்த அந்த ரெகுலேட்டரும் அவனிடம்தான். ஆயுத பூஜைக்கு லீவில் வந்தவன், நேற்று கிளம்பும்முன் அதைச் சோதித்தான். நீ காட்டிய வழிதான்: குழாய் முனையை விரலால் அடைத்து உறிஞ்சினால் காற்று வரக்கூடாது. வந்தது. காற்று வரும் வழியில் தண்ணீரும் வருமே! சாயங்காலம் பஸ், இன்று அவன் முங்க வேண்டும்.

"ஸ்டவ் ரிப்பேர்காரர்தானே, பாருங்கப்பா" என்றான். எட்டாங்கிளாஸைத் தாண்டாத என் கையில் பிள்ளையின் மூச்சு.

மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த வட்ட ரப்பரை வெயிலில் பிடித்துப் பார்த்தேன். ஓட்டை இல்லை. வாயில் கவ்வும் ரப்பரின் கட்டும் இறுக்கம். மாட்டி உறிஞ்சினால் மறுபடி காற்று. எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்து, "இன்னா அண்ணே, புது ஹூக்காவா?" என்றார். சிரிக்கக்கூட வாய் காலியாக இல்லை.

கடைசியில், விட்ட மூச்சு வெளியே போகும் இடத்தில் எட்டணா அளவு ரப்பர் இதழ் ஒன்று உண்டே, அதைத் தூக்கினேன். அடியில் காய்ந்த சந்தனம். இதழ் எப்படிப் படிந்து உட்காரும்? பூஜையில் என் ஸ்பானர்களோடு அதையும் வைத்து உன் அக்கா பொட்டிட்டிருக்கிறாள்; ஈரச் சந்தனம் வழிந்து உள்ளே இறங்கியிருக்கிறது.

கத்த வாய் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"என் தம்பியோடதுக்கு ஒரு வருசம்கூட பொட்டு வைக்கல. போயிட்டான். புள்ளையோடதுக்காவது வைக்கலாம்னு பார்த்தேன்."

இதழையும் அதன் அடியையும் நல்ல தண்ணீரில் கழுவினேன். பழக்கத்தில் கை எண்ணெய்க் கிண்ணத்துக்குப் போனது. ரப்பர் கெட்டுவிடும் என்று நீ திட்டியது ஞாபகம் வந்து இழுத்துக்கொண்டேன். மாட்டி உறிஞ்சினேன். கன்னம்தான் ஒட்டியது, காற்று வரவில்லை. சேகரும் உறிஞ்சிப் பார்த்துத் தலையாட்டினான்.

உன் அக்கா சந்தனக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். எப்போதும் பொட்டைத் துடைத்துவிட்டுப் போகிறவன், அவளுக்கு முன்னால் குனிந்தான். "இங்க வைம்மா."

இந்நேரம் முங்கியிருப்பான். கடையைத் திறந்துவிட்டேன், ஒரு ஸ்டவ்வைத் தொடவில்லை. உட்காருகிறேன், எழுகிறேன், தெருமுனை டீக்கடை வரை போய் டீ குடிக்காமல் திரும்புகிறேன். அந்த இதழைச் சரியாகத்தானே மாட்டினேன், மச்சான்? நீ பார்த்துக்கொண்டுதானே இருந்தாய்?

இனி அவன் எப்போது வந்தாலும் என் கன்னம் ஒட்டாமல் அந்த ரெகுலேட்டர் இந்த வீட்டு வாசலைத் தாண்டாது. சந்தனம் அவன் நெற்றிக்கு மட்டும். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் அக்காவைக் கட்டி, இன்றுவரை அவளுக்குப் பதில் சொல்லத் தெரியாத
உன் மாமா