வெள்ளைக் குதிரை திரும்பி வரக்கூடாது

அன்புள்ள தேஜிதின் அப்பாவுக்கு,

யஞ்மா எழுதுவது. சுரங்கத்தில் நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தை உங்கள் அண்ணன் கோம்போவின் கூடாரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். அந்தப் பெயரைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். முழுவதும் படியுங்கள். அதற்குப் பிறகு கிழிப்பதென்றால் உங்கள் இஷ்டம்.

நம் தேஜித் அங்கே நம் கூடாரத்தில் தனியாக இருக்கிறாள். நேற்று முற்பகலிலிருந்து பனிப்புயல் அடிக்கிறது. எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு மலை கிடக்கிறது. சும்மா உட்கார்ந்திருந்தால் நான் எழுந்து ஓடிவிடுவேன் என்று பயந்து, உங்கள் அண்ணி பகமா ஒரு பழைய நோட்டையும் பென்சிலையும் என் கையில் திணித்திருக்கிறார். "கதவையே மொறச்சுப் பாத்தா புயல் நின்னுடுமா? உன் புருஷனுக்கு எழுது. திட்டணும்னா திட்டி எழுது" என்றார். மூன்று மாதமாக உங்களிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. திட்டலாம்தான். ஆனால் முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நேற்றுக் காலை வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. ஆடுகள் ஆற்றைத் தாண்டித் தெற்குச் சரிவுக்குப் போய்விட்டன. மதியத்துக்குள் ஓட்டி வந்துவிடலாம் என்று கிளம்பினேன். நீங்கள் சொல்லித் தந்த எதையும் நான் விடவில்லை. கடிவாளத்தின் இரும்பை என் மார்புக்குள் வைத்துச் சூடாக்கித்தான் செவலைக் குதிரையின் வாயில் போட்டேன். குளம்புக்குள் பனி கட்டியாக ஒட்டாமலிருக்க ஆட்டுக் கொழுப்பு தடவினேன். உங்கள் சேணத்துக்கும் மாதம் ஒருமுறை அதே கொழுப்பைத்தான் தடவி வைக்கிறேன். உங்கள் அப்பா உங்களுக்குக் கொடுத்த, வெள்ளிக் குமிழ் பதித்த அந்தச் சேணம் கட்டில் பக்கத்தில் பளபளவென்று காத்துக்கொண்டிருக்கிறது. என் சேணத்தில் அங்கவடி வளையத்துக்குள் கால்விரல்களை மட்டும்தான் நுழைத்தேன். குதிரை சறுக்கினால் காலை உருவிக்கொள்ள வேண்டும் என்று நீங்கள் எத்தனை முறை கத்தியிருக்கிறீர்கள்.

தேஜிதிடம், நான் வரும்வரை என்ன ஆனாலும் கதவைத் திறக்காதே, தாண்டாதே என்று சொன்னேன். ஒரு கூடை வறட்டியை உள்ளே எடுத்து வைத்தேன். ஒரே ஒரு கூடை. மதியத்துக்குள் வருகிறவளுக்கு அது போதும் என்று நினைத்தேன். நேற்றிலிருந்து அந்தக் கூடைதான் கண்ணுக்குள் நிற்கிறது. வறட்டிக் குவியல் கதவிலிருந்து பத்தடி தூரம். இந்தக் காற்றில் பத்தடி போனவர்கள் திரும்பக் கதவைக் கண்டுபிடிக்க மாட்டார்கள். போன வருஷம் உங்கள் சிநேகிதர் வீட்டில் என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும்.

ஆற்றைத் தாண்டும்போது இறங்கி, செவலையை நடத்திக்கொண்டுதான் போனேன். பனிக்கு அடியில் தண்ணீர் கசிந்து நின்றிருக்கிறது. இடது கால் முழங்கால்வரை இறங்கிவிட்டது. ஈரக் காலோடு ஏறி உட்கார்ந்தேன், அந்த நேரம் புயல் பிடித்துக்கொண்டது. செவலையின் காதுகூட எனக்குத் தெரியவில்லை. ஆடுகள் போனால் போகட்டும், வீடு போய்ச் சேர வேண்டும் என்று, இப்படிப்பட்ட நேரத்தில் நாம் எல்லோரும் செய்வதைச் செய்தேன். கடிவாள வாரைத் தளர்த்திக் கழுத்தில் போட்டுவிட்டு, பிடரியைப் பிடித்துக் குனிந்துகொண்டேன். குதிரை வீட்டுக்குக் கொண்டு சேர்த்துவிடும் என்று நம்பினேன்.

வீட்டுக்குப் போகிற வழி என்றால் காற்று இடது கன்னத்தில் அடிக்க வேண்டும். வலது கன்னத்தில் அடித்தது. காற்றுதான் திரும்பிவிட்டது என்று நினைத்தேன். பாருங்கள், என் புத்தியை!

சாயங்காலம் நாய் குரைத்தது. நம் நாயின் குரல் இல்லை. யாரோ வாரைப் பிடித்தார்கள். பார்த்தால் உங்கள் அண்ணன். செவலை என்னை வீட்டுக்குத்தான் கொண்டுவந்திருக்கிறது. அது பிறந்த வீட்டுக்கு. நான்கு வருஷமாக நம்மிடம் தின்றதால் அதை நம் குதிரை என்றே நினைத்து, அது எங்கே பிறந்தது என்பதை நான் மறந்தே போயிருந்தேன்.

நம் வெள்ளைக் குதிரையை அவர் வாங்கிக்கொண்டு செவலையைக் கொடுத்ததும், மறு கோடையில் வெள்ளை பந்தயத்தில் முதலாவதாக வந்ததும், அண்ணன் தெரிந்தே ஏமாற்றிவிட்டான் என்று நீங்கள் அவர் வீட்டுத் தேநீரை இனி நாவில் வைக்க மாட்டேன் என்று சத்தியம் செய்ததும் நான் எழுதித் தெரிய வேண்டியதில்லை. நான் மூன்று கிண்ணம் குடித்தேன். உப்பு கொஞ்சம் தூக்கல்.

என் காலணியை அண்ணி அறுத்துத்தான் கழற்றினார். அண்ணன் முதலில் கிண்டலாகத்தான் பேசினார். "நாலு வருஷம் தீனி போட்டும் உங்க வீட்ட இதுக்குப் புடிக்கல பாத்தியா" என்றார். பிறகு சட்டென்று, "புள்ள எங்க?" என்று கேட்டார். சொன்னேன். கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு மேலங்கியை எடுத்தார்.

இருட்டப் போகிறது, விடியட்டும் என்று அண்ணி அவர் கையைப் பிடித்தார். "கண்ணு தெரியற காத்தா இருந்தாத்தானே வெளிச்சம் வேணும்? செவலை மறக்கலல்ல? வெள்ளையும் மறந்திருக்காது. எந்தம்பி வளத்தது. அவன மாதிரியே புடிவாதம் புடிச்சது" என்றார் அண்ணன். ஒரு கணம் நின்று, "இவ்வளவு நாளும் அது என் வீட்டக் கத்துக்காம இருந்திருக்கணும், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு வெள்ளையில் ஏறிப் போனார். மற்ற எந்தக் குதிரையில் ஏறியிருந்தாலும் சுற்றிச் சுற்றி இங்கேதான் வந்து நிற்கும். நம் கூடாரத்துக்குப் போகத் தெரிந்த குதிரை இந்த வீட்டில் அது ஒன்றுதான்.

அதனால் நானும் அண்ணியும் இப்போது என்ன வேண்டிக்கொள்கிறோம் தெரியுமா? குளம்புச் சத்தம் கேட்கக்கூடாது என்று. இந்தக் காற்று நிற்பதற்குள் வெள்ளை திரும்பி வந்தால், அது நம் வீட்டை மறந்துவிட்டது என்று அர்த்தம். அவரோடு வந்தாலும் சரி, வெறும் சேணத்தோடு வந்தாலும் சரி, தேஜித்துக்கு யாரும் போய்ச் சேரவில்லை. வராமல் இருந்தால், போய்ச் சேர்ந்திருக்கலாம். வழியில் அவர் விழுந்து, குதிரை மட்டும் போய்ச் சேர்ந்திருக்கவும் கூடும். விடியற்காலையில் ஒரு சத்தம் கேட்டு இரண்டு பேரும் செத்துப் பிழைத்தோம். கட்டிப்போட்ட செவலை காலை உதைத்திருக்கிறது.

இப்போது மதியம். கூடையில் வறட்டி தீர்ந்து வெகுநேரம் ஆகியிருக்கும். ஒன்பது வயதுக் குழந்தைக்குக் குளிர் தாங்காமல் என்ன தோன்றும்? பத்தடிதானே என்று தோன்றும். இனி எழுத முடியவில்லை.

*

மறுநாள்.

இரவெல்லாம் அடித்த காற்று காலையில் நின்றது. வெயில் வந்து கண் கூசியது. அதற்குப் பிறகு குளம்புச் சத்தம் கேட்டது. நானும் அண்ணியும் எழுந்திருக்கவில்லை. ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வெளியே உங்கள் அண்ணன் இருமினார். "இறங்கு சிறுக்கி, கால் மரத்துப் போச்சு உன்னால" என்றார். நான் ஒற்றைக் காலில் எப்படிக் கதவுவரை போனேன் என்று எனக்குத் தெரியாது.

தேஜித் இருக்கிறாள். விரல், மூக்கு, காது எல்லாம் இருக்கிறது. இதை எழுதும்போது என் மடியில் தலைவைத்துத் தூங்குகிறாள்.

வெள்ளை ராத்திரி முழுவதும் அடி அடியாக நடந்து, பாறை மறைவில் நின்று நின்று, நேற்று மதியம் நம் பட்டிச் சுவரில் மூக்கை இடித்துக்கொண்டு நின்றதாம். அண்ணன் கதவைத் தட்டினால் உங்கள் மகள் திறக்கவில்லை. அம்மா திறக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறாள், நீங்கள் யார் என்று கேட்டாளாம். பெரியப்பா என்றாராம். "எனக்குப் பெரியப்பாவே இல்ல" என்றாளாம். வெள்ளை கனைத்த பிறகுதான் திறந்தாள். குதிரையின் குரல் அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. இதைச் சொல்லும்போது அண்ணன் சிரித்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார். கன்னம் இரண்டும் குளிரில் வெந்து கறுத்திருந்தது.

அவள் கதவைத் தாண்டவேயில்லை. கூடை தீர்ந்ததும் முக்காலியை எரித்திருக்கிறாள். பிறகு கட்டில் பலகை. அதற்கும் பிறகு உங்கள் சேணம்.

கோடாரியால் உடைத்து, துண்டு துண்டாகப் போட்டிருக்கிறாள். கொழுப்பு ஊறிய மரம், நன்றாக எரிந்ததாம். அண்ணன் உள்ளே போனபோது அடுப்பில் அதன் கடைசித் துண்டு கிடந்திருக்கிறது. அது என்ன மரம் என்று பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. இவள் அடி விழும் என்று நினைத்துச் சுவரோரம் போய் நின்றாளாம். அண்ணன், "எங்கப்பா இருந்திருந்தா அவரே ஒடச்சுப் போட்டிருப்பாரு" என்று சொல்லி, சாம்பலைக் கிளறி வெள்ளிக் குமிழ்களைப் பொறுக்கியிருக்கிறார். நான்குதான் உருகாமல் கிடைத்தன. நான்கையும் என்னிடம் கொடுத்துவிட்டார். ஒன்றைக்கூட அவர் வைத்துக்கொள்ளவில்லை. சேணத்தைக் கொடுத்தவர் அவருக்கும் அப்பாதானே.

ஆடுகளில் பாதி போய்விட்டன. என் இடது காலில் இரண்டு விரல்கள் தேறாது போலிருக்கிறது. வழி திறந்ததும் அண்ணன் மருத்துவரிடம் கூட்டிப்போகிறார். முதல் பக்கங்களைக் கிழித்துவிட்டு நல்ல சேதியை மட்டும் எழுதலாமா என்று யோசித்தேன். வேண்டாம். நான் உட்கார்ந்திருந்த மாதிரி நீங்களும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும் என்றுதான் விட்டுவிட்டேன்.

சேணம் போனது உங்களுக்குத் தெரிந்தால் நீங்கள் வரவே மாட்டீர்கள் என்று தேஜித் நினைக்கிறாள். தூங்குவதற்கு முன் இரண்டு முறை கேட்டாள். அப்பா அந்தச் சேணத்துக்காக வருவதாக இருந்தால் என்ன செய்வது என்று கேட்டாள். அப்பாவுக்குக் கோபம் இருக்காது என்று சொன்னேன். கோபம் இல்லை என்று அவளுக்கு ஒரு வரி எழுதுங்கள். என்னை நம்ப மாட்டேன் என்கிறாள். நேரில் வந்து சொன்னால் நம்புவாள்.

வண்டி வருகிற கடைசி ஊருக்கு வெள்ளையைக் கொண்டுவந்து நிறுத்துவதாக அண்ணன் சொல்கிறார். தன் சேணத்தைப் போட்டு. ஏறி உட்கார்ந்து வாரை விட்டுவிட்டால் போதுமாம், அதற்கு வழி தெரியும்.

கூரை விழாமல், குளிர் அண்டாமல், உங்கள் உயிர் அங்கே பத்திரமாக இருக்கட்டும்.

யஞ்மா