பிளாட்பாரத்தில் ஒரு கால்

இந்த அகாலத்தில் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. பகலில் குழந்தை என் இடுப்பைவிட்டு இறங்குவதில்லை. இரண்டு நாளாக அதற்கு உடம்பு வேறு கதகதவென்றிருக்கிறது. தூளிக்குப் பழைய புடவை தேடிப் பெட்டியைக் கவிழ்த்தபோது நீ கோத்த மகிழம்பூச் சரம் கிடைத்தது. பூ சருகாகிவிட்டது, வாசனை மட்டும் அப்படியே.

சென்னையில் உன் வீட்டருகே இருந்த அந்தச் சின்ன ஸ்டேஷனில் நம்மைத் தவிர யார் ஏறினார்கள்? மகிழமரம் கொட்டும் பூவை மிதிக்கக்கூட ஆள் கிடையாது. காலேஜுக்குப் போகும் மின்சார ரயில் வந்து நின்ற பிறகும் நீ பொறுக்கிக்கொண்டே இருப்பாய். வண்டி நகர்ந்துவிடாமலிருக்க, ஒரு காலைப் படியிலும் ஒரு காலைப் பிளாட்பாரத்திலும் வைத்துக்கொண்டு நான் நிற்பேன்.

"ஏம்மா, இது என்ன உங்க வீட்டு மாட்டுவண்டியா?" என்று கார்டு கத்துவார்.

"மாட்டுவண்டின்னா தேவலையே சார், மாடாவது எனக்காக நிக்கும்!" என்று மடி நிறையப் பூவோடு ஓடிவருவாய். நீ ஏறினால்தான் என் கால் மேலே வரும்.

கடைசிப் பரீட்சையன்று அந்தப் பெஞ்சில்தான் சொன்னாய்: "யாருக்குப் பொண்ணு பொறந்தாலும் மத்தவ பேரைத்தான் வைக்கணும். பேச்சு மாறக் கூடாது, ஆமா!"

பிறகு நீ கல்யாணமாகி ரங்கூனுக்குக் கப்பலேறினாய். காட்டிலாகா வேலை கிடைத்த இவரோடு நான் இந்தக் கொல்லிமலைக்கு வந்தேன். ரங்கூனில் குண்டு விழுந்ததோடு உன் கடிதங்கள் நின்றன. காட்டு வழியே நடந்து திரும்பியவர்களில் உன்னைப் பார்த்தவர் யாருமில்லை என்று உன் அம்மா எழுதினார்கள்.

மகளுக்கு எட்டு மாதம். உன்னிடமிருந்து ஒரு வரி வரட்டும் என்று இன்னும் பெயர் வைக்கவில்லை. பக்கத்து மிளகுத் தோட்டக்காரி விடுவதாயில்லை.

"ஏனுங்கம்மா, இன்னும் எத்தன நாளைக்குக் கண்ணு கண்ணுன்னே கூப்புடுவீங்க? பேரில்லாத புள்ளைய காச்சல் விடாதுங்க. சினேகிதி பேரையே வெச்சுப்போடுங்க. எங்க பக்கம் போய்ச் சேந்தவங்க பேரத்தான் வெப்போம். அவிங்க இருக்காங்களா, இல்லீங்களா?"

குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

உனக்காக எத்தனையோ முறை மலையடிவாரக் காளப்பநாயக்கன்பட்டிக்கு இறங்கித் தபாலாபீஸில் விசாரித்து வந்தவர் இவர். இன்று இவரும் சொல்லிவிட்டார்: "வெள்ளிக்கிழமை பேர் வெச்சுடலாம். எவ்வளவு நாள் உன்னையே நீ ஏமாத்திக்குவே?"

உன் பெயர்தான். பேச்சு மாறவில்லை. ஆனால் அதை வைத்துவிட்டால், நீ ஏறுவதற்கு முன்பே என் காலைத் தூக்கிவிட்டதாக ஆகிவிடும், இல்லையா?

இப்போதுதான் குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சூடு தணியவில்லை. பெயர் வைப்பதை இனியும் தள்ளிப்போடப் பயமாயிருக்கிறது. ரங்கூனுக்குத் தபால் போவதில்லையாம். உன் அம்மா வீட்டு விலாசத்துக்கே போடுகிறேன். திரும்பினால் நீ அந்த ஸ்டேஷனில்தானே இறங்கவேண்டும். இறங்குவாய் என்று நம்ப முடியவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் எதுவும் வராது என்றும் தெரியும்.

இரண்டு வரி போதும். சீக்கிரம் பதில் போடு.