பெரிய எழுத்தில் வந்த பெயர்

லா சப்பல், பாரிஸ்
14.11.2024, வியாழக்கிழமை

அன்பு மருமகள் றொஷானிக்கு,

மாமா எழுதுவது. நீரும் பிள்ளை பேர்ளியும் சுவிஸ் லவுசானில் உமது அக்கா வீட்டில் நல்ல சுகத்தோடு இருக்க ஆண்டவரை மன்றாடுகிறேன். மூன்று கிழமையாக உமது தொலைபேசி எடுபடவில்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை. கடிதமென்றால் நீர் விரும்பிய நேரம் பிரிக்கலாம், பிரிக்காமலும் விடலாம். அதோடு, வாயால் சொல்லப்போனால் நான் தடுமாறுவேன். ஆகவே சொல்ல வேண்டியதை முதலில் வரிசைப்படுத்திக்கொள்கிறேன்.

1. கிங்ஸ்டன் இப்போது எங்கே இருக்கிறான், ஏன்.
2. இந்த அலுவலில் எனக்குள்ள பங்கு.
3. அவன் சொல்வதில் ஒரு சொட்டு உண்மையும் இல்லை என்பது.
4. உம்மிடம் நான் கேட்பது.

இந்த வரிசை சரியோ தெரியாது. மூன்று தரம் எழுதிக் கிழித்துவிட்டேன். இதற்கு மேல் கிழிக்க நாளில்லை.

முதலாவது. பதறாமல் வாசியும். கிங்ஸ்டன் சிறையில் இருக்கிறான். உடம்புக்கு ஒன்றுமில்லை, வலது முழங்கையில் ஒரு சிராய்ப்பு மட்டும். இந்த மாதம் 5ஆம் திகதி காலை, கடை வாகனத்தில் மரக்கறி ஏற்றிக்கொண்டு வரும்போது போர்த் து லா சப்பலில் பொலிஸ் மறித்து ஊதச் சொல்லியிருக்கிறது. அவன் குடிக்கிறவனல்லன். ஊதியிருந்தால் ஐந்து நிமிடத்தில் கடையில் பெட்டி இறக்கியிருப்பான். அவனோ கண்ணாடியை இரண்டு விரலளவு இறக்கி, தான் அவர்களோடு ஒப்பந்தம் செய்யவில்லை என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டு மறுபடி ஏற்றிவிட்டானாம். பெயர் கேட்டதற்கும் அதே பதில். முக்கால் மணித்தியாலம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கண்ணாடியை உடைத்து இழுத்து எடுத்திருக்கிறார்கள். கடை முதலாளி நேரில் வந்து சொன்னார். கோபத்திலும் அவருக்கு ஒரு பகிடி. "ஐயா, உங்கடை மகன் பிரான்சோடை ஒப்பந்தம் செய்யேல்லையாம். என்னோடை செய்தவரோ எண்டு கேட்டுச் சொல்லுங்கோ, நான் சம்பளம் குடுக்கவேணும்" என்றார். நான் சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்று தெரியவில்லை.

மறுநாள் பின்னேரம் நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். நான் கடைசி வாங்கில் இருந்தேன். ஊரில் மல்லாகம் கோர்ட்டில் பத்தொன்பது வருடம் மொழிபெயர்ப்பு முதலியாராக நின்றவன். இருந்தும் நீதிபதி உள்ளே வந்தபோது எல்லோருக்கும் பிறகுதான் எழும்பினேன். பெயரையும் பிறந்த திகதியையும் வாசித்து, நீர்தானா என்று நீதிபதி கேட்டார். அவன் பேசாமல் நின்றான். மொழி விளங்கவில்லையாக்கும் என்று எண்ணி மொழிபெயர்ப்பாளரை அழைத்தார்கள். எங்கள் ஆட்களில் ஒரு சிறு பெண். "அண்ணை, நீங்கள்தானே பத்திநாதர் கிங்ஸ்டன், எண்பத்தோராம் ஆண்டு மார்ச் ஒன்பதிலை பிறந்தது?" என்று தன்மையாகக் கேட்டாள். அவன், "இல்லைத் தங்கச்சி. அந்த ஆள் உயிரோடை இல்லை" என்றான்.

அவள் அதை அப்படியே மொழிபெயர்த்தாள். நல்ல மொழிபெயர்ப்பு, ஒரு சொல் கூடவில்லை, குறையவில்லை. நீதிபதி, இப்படிப் பெயரை மறுப்பதில் இந்த மாதத்தில் இது மூன்றாவது ஆள் என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். யாரோ சிரித்தார்கள். கிங்ஸ்டன் நீதிபதியைப் பார்த்து அதைச் சொல்லவில்லை, மகள். கடைசி வாங்கைப் பார்த்துச் சொன்னான்.

தான் யாரென்றே சொல்லாதவனை வெளியில் விட முடியாது என்று வழக்கை டிசம்பர் 5ஆம் திகதிக்குத் தள்ளி, அதுவரை உள்ளே வைத்துவிட்டார்கள். கோர்ட் கொடுத்த அவொக்கா, அதாவது சட்டத்தரணி, ஒரு இளம் பெண்; கெட்டிக்காரி. நடைக்கூடத்தில் என்னைப் பிடித்துத் தெளிவாகச் சொன்னாள். அன்றைக்கு நீதிபதி பெயரை வாசித்து நீர்தானா என்று கேட்கும்போது ‘ஓம்’ என்ற ஒரு சொல் சொன்னால் போதும்; அபராதமும், சிலகாலம் வாகனம் ஓட்டத் தடையும் போட்டு வீட்டுக்கு விட்டுவிடுவார்கள். இல்லையென்றால் சிறை மாதக்கணக்கில் போகும். அதைவிட, அந்தப் பெயர் தன்னுடையதல்ல என்று மறுபடியும் சொன்னால், அப்படியென்றால் நீ யார் என்று பார்ப்பதற்கு அகதி அலுவலகத்திலிருந்து பழைய கோப்பை எடுப்பித்துக் கைரேகையிலிருந்து எல்லாவற்றையும் ஒப்பிடுவார்கள். அதோடு அவனுடைய பத்து வருட வதிவிடக் கார்டும் கேள்விக்குள்ளாகும். அவள் இதைச் சொன்ன நாளிலிருந்து நான் சரியாகச் சாப்பிடவில்லை.

இரண்டாவது, என் பங்கு. நீக்கிலாஸ் நடத்துகிற சட்ட வகுப்பு உமக்குத் தெரியும். பியர்ஃபித்தில், சாமத்தியவீடு, கலியாணவீடு செய்கிற மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு. நீர் கேள்விப்பட்டதோடு சரி. நான் ஒருநாள் போயிருக்கிறேன். இதை உமக்கு ஒளித்துவிட்டேன். போன வருடம் சித்திரையில் கிங்ஸ்டன் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு போனான். முப்பது பேர் வரையில், உணவகங்களில் நின்று நின்று கால் வீங்கிய மனிதர்கள். நீக்கிலாஸ் படித்தவனல்லன், ஆனால் பேச்சு வரும். "உங்களுக்கு வாற கடிதத்திலை பேர் ஏன் பெரிய எழுத்திலை கிடக்கு? கல்லறையிலை பேர் எப்பிடி வெட்டுறவங்கள்? பெரிய எழுத்திலை. அது செத்த ஆளின்ரை பேர் அண்ணை. அந்தச் செத்தவனிட்டைத்தான் அபராதம் கேக்கிறாங்கள், நீங்கள் ஏன் கட்டுறியள்?" என்றான். பிறகு, "நரைச்ச பிறகும் உங்களைக் கொப்பற்றை பேராலைதானே கூப்பிடுறாங்கள்? உங்கடை பேர் உவங்களுக்குத் தெரியவே தெரியாது" என்றான். எங்களில் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லாததால் பிரான்சுக்காரன் தகப்பன் பெயரை முன்னால் போட்டான்; வேறொன்றுமில்லை. ஆனால் மண்டபம் கைதட்டியது. பின்னாலிருந்த ஒருவர், "அப்ப அண்ணை, என்ரை பென்சனும் செத்தவனுக்கோ போகும்?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். கிங்ஸ்டன் மட்டும் சிரிக்கவில்லை. முகம் வெளுத்துப்போய் இருந்தான்.

நான் கொப்பியில் குறித்துக்கொண்டிருந்தேன். நீக்கிலாசின் பேச்சில் பதினொரு சட்டப் பிழைகள் பிடித்தேன். எழும்பி ஒன்றையாவது சொன்னேனா? இல்லை. முப்பது பேருக்கு முன்னால் பேச எனக்கு வராது. கோர்ட்டிலும் மற்றவர்களுடைய பேச்சைத்தானே நான் பேசினேன்.

அதன் பிறகுதான் சிவப்பு மை வந்தது. அரசாங்கத்திலிருந்து வருகிற கடிதங்களுக்குக் குறுக்கே கோடு இழுத்து, ‘ஒப்பந்தம் இல்லை’ என்று எழுதி, அடியில் பெருவிரல் பதித்துத் திருப்பி அனுப்பினான். மற்றவர்கள் தங்கள் பெயரைச் சின்ன எழுத்தில் எழுதிவிட்டுத்தான் விரலை வைப்பார்களாம். இவன் பெயரே எழுதுவதில்லை, விரல் மட்டும். "படிச்ச மனுசன்ரை மகன் கைநாட்டு வைக்கிறார், நீங்கள் பாத்துக்கொண்டிருக்கிறியள் மாமா" என்று நீர் அழுதீர். நான் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கவில்லை. அவன் எழுதிய பிரெஞ்சில் எழுத்துப் பிழைகள் இருந்தன. என்னால் பொறுக்க முடியவில்லை, திருத்திக் கொடுத்தேன். நகல் எடுத்துத் திகதிவாரியாகக் கோப்பிலும் போட்டேன். பைத்தியக்காரக் கடிதத்தைப் பிழையில்லாத கடிதமாக்கியது நான். அபராதப் பாக்கி அறவிடுகிற உய்சியே வந்து கோர்ட் கட்டளையைக் காட்டி உங்கள் காரைக் கொண்டுபோனதற்கும், பேர்ளியின் பள்ளிக்கூடச் சுற்றுலாக் கடிதத்திலும் அவன் சிவப்புக் கோடு இழுத்த அன்றைக்கு நீர் பெட்டி கட்டியதற்கும் அந்தக் கணக்கில் எனக்குப் பங்குண்டு.

மூன்றாவது. இதைச் சுருக்கமாக எழுதுகிறேன். பெரிய எழுத்து என்பது எழுத்து முறை. அதில் ஆளும் இல்லை, பிணமும் இல்லை. சட்டம் ஒருவனுடைய சம்மதத்தைக் கேட்டு வருவதில்லை. ஒப்பந்தம் செய்யாதவனையும் அது கட்டும். ஆகவே தாளில் உள்ள கிங்ஸ்டன் வேறு, தான் வேறு என்று அவன் சொல்வது முழுப் பொய். யாரோ ஊட்டிய பொய். அவனுக்குச் சித்தம் கலங்கவில்லை. ஏமாந்துவிட்டான், அவ்வளவுதான். நீரும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும்.

நடுவில் ஒரு விடயம், மறந்துவிடுவேன். பேர்ளியின் குளிர்ச்சட்டை இங்கே அலுமாரியில் இருக்கிறது. அங்கே இப்போது பனி கொட்டும் என்கிறார்கள். தபாலில் அனுப்பவா, நீர் வரும்போது எடுக்கிறீரா என்று தெரியாமல் பொதி கட்டியும் கட்டாமலும் வைத்திருக்கிறேன். லிப்ற் வேலை செய்யவில்லை. ஐந்து மாடியும் ஏறி இறங்குவதால் பிரஷர் குளிசை ஒன்று கூடியிருக்கிறது. பயப்பட ஒன்றுமில்லை.

நான்காவது, நான் கேட்பது. டிசம்பர் 5க்கு முன்னர் ஒருமுறை வாரும். மனைவி என்றால் சிறையில் பார்க்க அனுமதி கெதியாகக் கிடைக்குமாம். குடும்பப் பதிவுப் புத்தகம் உம்மிடம் இருக்கிறது, அதையும் கொண்டுவாரும். எனக்கும் விண்ணப்பப் படிவம் தந்தார்கள். கைதியின் முழுப்பெயர், பிறந்த திகதி என்று கேட்டிருக்கிறது. அந்த இடத்தில் என் கை ஓடவில்லை. எட்டு நாளாக மேசையில் கிடக்கிறது. அவொக்கா இரண்டு தரம் போய்ப் பார்த்தாளாம். வழக்கைப் பற்றி அவன் ஒன்றும் கேட்கவில்லை. மனுசி எழுதினவவோ என்று மட்டும் கேட்டானாம். ஆகவே நீர் சொன்னால் கேட்பான். அந்த ஒரு சொல்லை மட்டும் சொல்லச் சொல்லும். மனதுக்குள் எதை நம்பினாலும் நம்பட்டும், வாயால் ஓம் என்று சொல்லட்டும். பிறகு நீர் அவனோடு இருப்பதா, லவுசானுக்குத் திரும்புவதா என்பதில் நான் தலையிட மாட்டேன்.

இவ்விடத்தில் ஆசீர்வாதம் எழுதிக் கையெழுத்து வைக்கத்தான் பேனையை எடுத்தேன். முடியவில்லை. மேலே மூன்றாவதாக நான் எழுதியது பிழை, மகள்.

வரவேற்பறைச் சுவரில் இரண்டு பெடியன்கள் நிற்கும் படம் இருக்கிறதே, அதில் உயரமானவன் மூத்தவன் ஜெறாட், தொண்ணூற்றைந்தில் இடம்பெயர்ந்த இடத்தில் இறந்துபோனான் என்று உமக்குச் சொன்னோம். இறந்தது மூத்தவனல்ல. தருமபுரத்தில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில், மலேரியாக் காய்ச்சலில், பதினான்கு வயதில் இறந்தது கிங்ஸ்டன். நான் அப்போது பாரிசில் இருந்தேன். மூன்று மாதம் கழித்துத்தான் கடிதம் கிடைத்தது. குடும்பத்தைக் கூப்பிட எனக்கு அனுமதி வந்தபோது தொண்ணூற்றெட்டு. ஜெறாட்டுக்கு இருபது முடிந்துவிட்டது, அவனை விட மாட்டார்கள். கிங்ஸ்டனுக்குக் கடதாசியின்படி பதினேழு. அவனுடைய இறப்பு எங்கும் பதியப்படவில்லை. அந்த நாளில் பதிய ஒரு கந்தோர் இருக்கவில்லை. பதியப்படாத மரணம் சட்டத்தின் முன் மரணமல்ல என்று ஊரிலிருந்த உமது மாமிக்கு எழுதியவன் நான். தம்பியின் பிறப்புச் சான்றிதழோடு ஜெறாட்டைக் கூட்டிவரச் சொன்னவன் நான். விமான நிலையத்தில் அவனைக் கட்டிப்பிடித்து, "இனி ஆரும் கேட்டால் நீ கிங்ஸ்டன்தான், தாளிலை உள்ளதுதான் ஆள்" என்று காதுக்குள் சொன்னேன். நீக்கிலாஸ் இப்போது சொல்வதைத் தலைகீழாக, இருபத்தாறு வருடத்துக்கு முன்பே நான் சொல்லிவிட்டேன்.

மாமி சாகும்வரை அவனைத் தம்பி என்றுதான் கூப்பிட்டா. எல்லாத் தாயும் அப்படித்தானே என்று நீர் நினைத்திருப்பீர். அவவின் வாயில் கிங்ஸ்டன் என்ற பெயர் வரவில்லை. வருடா வருடம் நவம்பரில் ஜெறாட்டின் ஆன்மாவுக்குப் பூசை கொடுத்தோம். நீரும் மெழுகுதிரி கொளுத்தினீர். அவன் பக்கத்தில் முழந்தாளில் இருந்து தன்னுடைய பூசையைத் தானே கண்டான். அப்படிப்பட்டவனிடம் நீக்கிலாஸ், கடிதத்தில் வருவது செத்தவனுடைய பெயர் என்று சொன்னால் அவன் என்ன செய்வான்? மற்றவர்களுக்கு அது வாய்ப்பாடு. அவனுக்கு அப்படியில்லை. அன்று கோர்ட்டில் அவன் உண்மை சொன்னான். சிரித்தவர்களுக்கு அது தெரியாது. எனக்குத் தெரிந்தும் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன்.

இந்தக் கடிதம் எனக்கெதிரான சாட்சியம் என்பதை அறிந்தே எழுதுகிறேன். கிழிப்பதும், வைத்திருப்பதும், அவொக்காவிடம் கொடுப்பதும் உமது விருப்பம். பதினைந்து வருடம் ஒரு பொய்ப் பெயரோடு உம்மைக் குடும்பம் நடத்த வைத்ததற்கு மன்னிப்புக் கேட்க எனக்கு முகமில்லை. மேலே கேட்டதை மட்டும் ஒரு மாற்றத்தோடு மறுபடி கேட்கிறேன்.

வந்து அவனைப் பாரும். எடுத்த எடுப்பில் ஓம் சொல்லச் சொல்ல வேண்டாம். முதலில் அவனைக் கிட்டக் கூப்பிட்டு, காவலாளிக்குக் கேளாமல், ஜெறாட் என்று ஒரு தரம் கூப்பிடும். இந்த நாட்டில் ஒருவரும் அவனை அப்படிக் கூப்பிட்டதில்லை, நானும் கூப்பிட்டதில்லை. அவன் திரும்பிப் பார்ப்பான். அதன் பிறகு, தம்பியின் பெயருக்கு இன்னும் ஒரேயொரு தடவை ஓம் சொல்லச் சொல்லும்.

மடுமாதா உம்மையும், பேர்ளியையும், என் மூத்தவனையும் காப்பாற்றட்டும்.

மாமா
மு. பத்திநாதர்