தொப்பிச் சிப்பி

ஜவ்கான் முகாம்
20 ஜூன் 1992

என் நோர்ஜ்மாவுக்கு,

நலம். தினமும் ஆட்டுக்கறி சூப், வெங்காயம் கண்ணில் படவேயில்லை. நீயோ ஒரு வரி எழுதவில்லை. கோபமா?

டிரைவர் பல்ஜிரிடம் இரண்டு மூட்டைக் கல் அனுப்புகிறேன். மேலே என் காலுறையில் சுற்றியிருக்கும் கல்லை முதலில் வினிகரில் ஊறப்போடு. அதில் ஏதோ இருக்கிறது என்று என் மனம் அடித்துக்கொள்கிறது. தென்சீனப் பாறைகளில் இருக்கும், கல்லாகிப்போன தொப்பிச் சிப்பி மட்டும் இங்கே கிடைத்துவிட்டால், ஆதியில் இந்த மலை சைபீரியாவோடு ஒட்டிக் கிடந்தது என்ற பழைய கதை முடிந்தது. எள்ளைவிடச் சின்ன அந்தப் பூச்சிக்கு ஆழக்கடல் தாண்டத் தெரியாது. அது இருந்த கரையெல்லாம் ஒரே கரைதானே!

"செதெவ், மலையைத் தோள்ல தூக்கிட்டுத் தெக்கே போறியாப்பா?" என்று பேராசிரியர் லுவ்சன் சபையில் கேட்டுச் சிரித்ததை நான் மறக்கவில்லை. ஆகஸ்டில் வெளிநாட்டு ஆய்வாளர்கள் மலையைப் பார்க்க வருகிறார்கள். அறிக்கையில் நம் இருவர் பெயரும் இருக்கும்.

கன்னம் முகரும்,
உன் செதெவ்

உலான்பாதர்
6 ஜூலை

அன்புள்ள உங்களுக்கு,

கோபமெல்லாம் இல்லை. வினிகருக்கும் வரிசை, ரொட்டிக்கும் வரிசை, எப்போது எழுதுவது?

இருக்கிறது! தொப்பிச் சிப்பியேதான், ஒன்றல்ல, ஏழெட்டு. நான் போட்ட கூச்சலில் பக்கத்து அறைக்காரி ஓடிவந்து, "என்னடி, எலியா?" என்றாள்.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. கல்லைப் போட்டதும் வினிகர்மேல் நெய்ப் படலம் மிதந்தது. ஊசிப்போன பால் வாடை. பாறையில் ஏது நெய்? பல்ஜிரிடம் கேட்டேன். தேநீரைப் பார்த்துக்கொண்டே, "எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா. அண்ணன் மலை உச்சியில சாமிக்குக் கல்லு குவிச்சிருக்கே, அந்த ஓவோப் பக்கம் போனார், வரும்போது கையில கல்லு இருந்துச்சு. அவ்ளோதான்" என்றான்.

எங்கே எடுத்தீர்கள்? உடனே எழுதுங்கள். அதுவரை எனக்குச் சோறு இறங்காது.

உங்கள் நோர்ஜ்மா

ஜவ்கான்
18 ஜூலை

நோர்ஜ்மா,

ஆமாம், ஓவோவிலிருந்துதான் எடுத்தேன். அதற்கென்ன இப்போது? மலை உச்சியில் கிடக்கும் கல் மலையின் கல்தான். எவனாவது கீழேயிருந்து கல் சுமந்து ஏறுவானா? சாமி கும்பிடத் தடை போனதும் ஊரே பயம் விட்டு அங்கே பால் ஊற்றுகிறது, அதுதான் உன் நெய். ஆடு மேய்த்தவர் மகள் இல்லையா நீ, தெய்வக் குற்றம் என்று நடுங்குகிறாய்.

வெளிநாட்டாருக்குத் தந்தி போய்விட்டது. லுவ்சனுக்கும் சொல்லியாகிவிட்டது. இனிப் பின்வாங்கினால் நான் தெருவில் நடக்க முடியாது. இத்தோடு வரும் அறிக்கையில் கையெழுத்துப் போட்டு அனுப்பு. மனைவியாக அல்ல, சிப்பியைக் கண்டவளாகக் கேட்கிறேன்.

செதெவ்

உலான்பாதர்
30 ஜூலை

அன்புள்ள உங்களுக்கு,

சாமிக்குப் பயந்து எழுதவில்லை. கல் சுமந்து ஏறுவானா என்று கேட்கிறீர்களே, என் அம்மா ஏறினாள். கோபியிலிருந்து கல்யாணமாகி வரும்போது பிறந்த ஊர்க் கல்லை மடியில் கட்டிக் கொண்டுவந்து புகுந்த ஊர் ஓவோவில் வைத்து மூன்று சுற்று வந்தாள். அப்படி எத்தனை பேர், எந்தெந்தத் திசையிலிருந்து! அந்தக் கல் யார் மடியில் வந்ததோ, யாருக்குத் தெரியும்?

மூட்டையில் நீங்கள் பாறையிலிருந்து உடைத்த கல்லையெல்லாம் கரைத்துவிட்டேன். அத்தனையும் சைபீரியச் சுருள் சிப்பி. ஒரு தொப்பிகூட இல்லை. லுவ்சன் சொன்னதுதான் சரி. எழுதவே கை கூசுகிறது, ஆனாலும் சரி.

நான் கையெழுத்துப் போட மாட்டேன். நீங்களே அவர்களிடம் சொல்லிவிடுங்கள். சிரிப்பார்கள், சிரிக்கட்டும். நான் லாரி பிடித்து அங்கே வந்து உங்கள் பக்கத்தில் நிற்கிறேன். உங்களை எனக்குப் பிடிக்கும், தோற்றாலும் பிடிக்கும். இதை இத்தனை வருஷத்தில் வாய்விட்டுச் சொன்னதில்லை.

பதிலுக்குக் காத்திருக்கும்,
நோர்ஜ்மா

ஜவ்கான்
14 ஆகஸ்ட் 1992

ஆய்வகப் பொறுப்பாளர்
திருமதி நோர்ஜ்மா அவர்களுக்கு,

வெளிநாட்டுக் குழுவினர் நேற்று மலையைப் பார்வையிட்டுத் திருப்தி தெரிவித்தனர். அறிக்கையில் இரண்டாவது பெயராக வேறொருவர் சேர்க்கப்பட்டுள்ளார். காலுறையில் வந்த கல்லிலிருந்து எடுத்த சிப்பிகள் அனைத்தையும் இக்கடிதம் கொண்டுவருபவரிடம் ஒப்படைக்கவும்.

என் குளிர்கால அங்கி, நரித்தோல் தொப்பி, கம்பளிக் காலணி ஆகியவற்றையும் கொடுத்தனுப்பவும். இவ்வருடக் குளிருக்கு நகரம் திரும்பும் எண்ணம் இல்லை.

இப்படிக்கு,
செதெவ்
குழுத் தலைவர்

உலான்பாதர்
27 ஆகஸ்ட்

எப்படி விளித்து எழுதுவது என்று தெரியவில்லை. அதனால் அப்படியே தொடங்குகிறேன்.

சிப்பிகளை நம் நிறுவன இயக்குநரிடம் ஒப்படைத்துவிட்டேன். ஓவோவில் எடுத்த கல், பிறந்த இடம் தெரியாது என்று எழுதி, கீழே கையெழுத்தும் போட்டிருக்கிறேன். லுவ்சனும் படித்தார். சிரிக்கவில்லை. "பாவம்" என்று மட்டும் சொன்னார். அது உங்களையா என்னையா என்று நான் கேட்கவில்லை.

அங்கி, தொப்பி, காலணி மூன்றையும் பல்ஜிரிடம் கொடுத்திருக்கிறேன். அங்கியின் இடது கை உள்பக்கம் கிழிந்திருந்தது, தைத்துவிட்டேன். உங்களுடையது வேறு எதுவும் இனி என் பொறுப்பில் இல்லை.

நோர்ஜ்மா