வீங்கியது ஒரு கால் மட்டும்

தெருவில் மறுபடியும் கற்பூரம் போட்டுக் காய்ச்சிய தேங்காயெண்ணெய் மணக்கிறது. ஆடிக் கடைசி வெள்ளி. இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு நடந்து போனவர்கள் திரும்பிக்கொண்டிருக்கிறார்கள். இந்த வாசம் வந்தாலே எல்லோருக்கும் ஆத்தாள் நினைவு வரும். எனக்கு உன் நினைவுதான் வரும். உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

நம் தெருப் பழக்கம்தான் உனக்குத் தெரியுமே. நடந்து வந்தவர்களை உட்கார வைத்து, நடக்காதவர்கள் கால் தேய்த்துவிட வேண்டும். தேய்க்கும் கைக்குப் பாதிப் புண்ணியம். "நடக்குறது நாங்க, புண்ணியம் மட்டும் உங்களுக்கா? நல்ல யாவாரம்டி" என்று வருடா வருடம் என்னைக் கேலி செய்வாய்.

அந்த வருடம் நீ நடந்திருக்கவே கூடாது. கர்ப்பப்பையை எடுத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. தீபாவளிச் சீசன் சூடுபிடித்துவிட்டது என்று, தையல் ஆறியதும் பட்டாசு ஆபீசுக்கு வந்து உட்கார்ந்துவிட்டாய். நாள் முழுக்கச் சம்மணம் போட்டுச் சரவெடி பின்னினோம். "எந்திரிச்சுக் கொஞ்சம் நடடி" என்றால், "எந்திரிச்சா ஆர்டரை ஒங்கப்பனா முடிப்பாரு?" என்பாய். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் நடந்து வருவதாக ஆத்தாளுக்கு நேர்ந்திருந்தாய். உன்னை யார் தடுக்க முடியும்?

ஆஸ்பத்திரியில் உனக்குத் துணைக்கு இருந்தவள் நான். வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸம்மா சொன்னதை இருவரும்தான் கேட்டோம். "ஒரு கால் மட்டும் வீங்கி வலிச்சா அதைத் தேய்க்காதீங்க, உருவி விடாதீங்க. உடனே இங்க வந்துடணும்." நீ சிரித்துக்கொண்டே தலையாட்டினாய்.

கோயிலிலிருந்து திரும்பி உன் வீட்டு வாசலில் காலை நீட்டி உட்கார்ந்தாய். சேலையை லேசாக விலக்கிக் காட்டினாய். இடது கெண்டைக்கால் மட்டும் உருண்டு சிவந்திருந்தது. தொட்டேன், சுட்டது.

"நடந்த அலுப்புடி" என்றாய்.

"நடந்தது ரெண்டு காலுந்தான. ஒண்ணு மட்டும் எதுக்கு வீங்குது?"

உன் முகம் மாறியது. இருவருக்கும் நர்ஸம்மா நினைவுக்கு வந்துவிட்டார். எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்த பக்கத்து வீட்டு அக்காவை, "வேண்டாம்க்கா, கோவிச்சுக்காதீக" என்று திருப்பி அனுப்பினாய். அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார். உன் வீட்டுக்காரர் லோடு ஏற்றிக்கொண்டு வெளியூர் போயிருந்தார். "நான் காலை அசைக்கல. நீ போயி ஆட்டோ கூட்டியா" என்றாய். நான் ஓடினேன்.

திருவிழா நாளில் ஒரு ஆட்டோ கிடைத்தால்தானே! கிடைத்து நான் வந்தபோது, உன் இடது கால் உன் மாமியாரின் மடியில் இருந்தது.

வேறு சாதித் தெருவில் பெண் எடுத்துவிட்டான் மகன் என்று, கல்யாணமான நாளிலிருந்து உன் கையால் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடிக்காதவர். எதிர் வீட்டிலேயே இருந்தும் உன் வாசலை மிதிக்காதவர். அன்று அவராகவே தெருவைக் கடந்து வந்து, தரையில் உட்கார்ந்து, எண்ணெயைத் தொட்டுத் தொட்டு உன் கெண்டைக்காலை மேல்நோக்கி உருவிக்கொண்டிருந்தார். அவர் கண் நிறைந்திருந்தது.

"பெரியம்மா, விடுங்க! கைய எடுங்க!" என்று கத்தினேன்.

நீ என்னைப் பார்த்து மெதுவாகத் தலையை ஆட்டினாய். "சும்மா இருடி. அத்தை தொடுறாக."

அத்தை தொடுறாக: இரண்டே வார்த்தை. அந்தக் காலை எல்லோரிடமிருந்தும் காப்பாற்றினாய், அவரிடமிருந்து மட்டும் உன்னால் முடியவில்லை. எனக்கு அது புரிகிறது. புரிந்தும் உன்மேல் கோபம் அடங்கவில்லை. நான் பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். கொஞ்ச நேரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "மூச்சு முட்டுதுடி" என்றாய். ஆட்டோவில் என் தோளில் சாய்ந்து வந்தாய்; உன் மாமியாரும் கூடவே ஏறிக்கொண்டார். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது தலை தொங்கிவிட்டது.

"காலைத் தேய்ச்சீங்களா?" இதுதான் டாக்டர் கேட்ட முதல் கேள்வி. காலுக்குள் ரத்தம் கட்டியிருக்கும், அது கழன்று நுரையீரலில் போய் அடைத்திருக்கும் என்றார். "தானாவும் கழண்டிருக்கலாம்மா, உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா அந்தக் காலைத் தொட்டிருக்கக் கூடாது."

வெளியே பெஞ்சில் உன் மாமியார் எண்ணெய்க் கையோடு உட்கார்ந்திருந்தார். "டாக்டரு என்னத்தா சொன்னாரு?"

"மூச்சு நின்னுபோச்சாம், பெரியம்மா." அதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை. "கடைசியா எங்கையாலதான் அவ காலத் தேச்சுவிட்டேன்" என்று துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லி அழுதார். நான் வாயை மூடிக்கொண்டேன். இத்தனை ஆடி போயும் மூடியேதான் இருந்தேன்.

இன்று காலையில் கடைசி வீட்டுப் புது மருமகள் நடந்துவிட்டு நொண்டியபடி வந்தாள். வாசலில் காலை நீட்டினாள். உன் மாமியார் எண்ணெய்க் கிண்ணத்தோடு வெளியே வந்தார். அன்றைக்குப் பிறகு அவர் கிண்ணத்தைத் தொட்டு நான் பார்த்ததில்லை. தடுக்க எழுந்தேன். அவர் அந்தப் பெண்ணிடம் போகவில்லை, நேராக என்னிடம் வந்தார்.

"மொதல்ல நீ பாருத்தா. ரெண்டு காலும் ஒண்ணுபோல இருக்கா, ஒண்ணு மட்டும் சுடுதான்னு பாத்துச் சொல்லு. அப்பறந்தான் நான் கைய வப்பேன்."

அவரிடம் இதை நான் ஒருநாளும் சொன்னதில்லை. யார் சொன்னார்கள், எப்போது தெரியும் என்று கேட்க எனக்குத் துணிவும் இல்லை. என் கண்ணை அவர் பார்க்கவில்லை, நானும் அவர் கண்ணைப் பார்க்கவில்லை.

அந்தப் பெண்ணின் இரண்டு கெண்டைக்காலையும் தொட்டுப் பார்த்தேன். ஒன்றுபோலத்தான் இருந்தன. சூடு இல்லை, வீக்கம் இல்லை, பாதத்தில் கொப்புளம் மட்டும்தான். "தேய்க்கலாம் பெரியம்மா" என்றேன். அவர் உட்கார்ந்து எண்ணெயைத் தொட்டார். எண்ணெய் கொஞ்சம் தரையில் சிந்தியது. நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, இன்னொரு காலை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.