பளிங்கரசன் துடைக்கவில்லை

அன்பு மகள் சில்லுவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், அங்கே நீ சுகமா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா. இதையெல்லாம் வாராவாரம் அம்மா போனில் கேட்டு எனக்கும் சொல்லிவிடுகிறாள், இருந்தாலும் ஒரு தடவையாவது என் கையால் கேட்க வேண்டும் என்று ஆசை. ஆமாம், என் கையால்தான். இதை யாரும் எனக்கு எழுதித் தரவில்லை. கடை திறப்பதற்கு முன்னால் தினமும் முக்கால் மணி நேரம் எழுதுகிறேன், இந்தப் பக்கம் முடியவே நான்கு நாள் ஆகும்போல் இருக்கிறது. கோணல் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. கண்ணாடி வெட்டும்போது ஒரு நூல் அளவு பிசகினாலும் பொறுக்காத ஆள், காகிதத்தில் ஒரு வரியை நேராக வைக்க முடியாமல் திண்டாடுகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, படி ஏறும்போது மட்டும் என்னைத் திட்டுகிறாள், படியை நான்தான் கட்டினேன் என்பதுபோல. சமையலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறது. பக்கத்துக் கடை முடிவெட்டுகிறவர் உன்னை விசாரித்தார்.

நான் எப்படி எழுதக் கற்றேன் என்று கேட்பாய். நீ எழுதிய கதைப் புத்தகம் தபாலில் வந்த நாளிலிருந்து அம்மா தினமும் சாயங்காலம் சமையலறை மேசையில் உட்கார்ந்து எனக்குப் படித்துக் காட்டினாள். நான் மூன்று மில்லி கனக் கண்ணாடிக்கும் நான்கு மில்லிக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்ணை மூடிக்கொண்டு விரலால் சொல்கிறவன். படித்த பக்கங்கள் இடது பக்கம் ஏறிக்கொண்டே போகின்றன, கதை அவ்வளவு தூரம் போகவில்லை. நடுவில் ஏதோ விட்டுப்போகிறதே என்றேன். காத்துல புரண்டிருக்கும், பேசாம கேளுங்க என்றாள். மின்விசிறியே போடவில்லை. அம்மா எதையோ என்னிடம் மறைக்கிறாள் என்று தெரிந்துவிட்டது, அது என்ன என்று கண்டுபிடிக்கத்தான் நூலகத்து மாடியில் பெரியவர்களுக்கு நடக்கும் வகுப்பில் போய்ச் சேர்ந்தேன். போன முதல் நாளே முடிவெட்டுகிறவர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு வருடமாக வருகிறாராம், ரசீதில் எண்ணை மட்டும் படித்தவர் இப்போது நாவல் படிக்கிறார். வாங்கண்ணே, பேப்பர்ல படத்த மட்டும் பாத்துட்டு நாட்டு நடப்பு பேசுறவர்னு எனக்கு எப்பவோ தெரியும் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சில்லு, இது உனக்குத் தெரியாது. உன் அப்பாவுக்கு எண்கள் தெரியும், எழுத்து தெரியாது. பள்ளியிலிருந்து நீ எந்தத் தாளைக் கொண்டுவந்தாலும் மூக்குக் கண்ணாடியைக் காணோம், நீயே படி என்பேன். கடை முழுக்கக் கண்ணாடி, உன் கண்ணாடி மட்டும் எங்கேப்பா போகும் என்று நீ கேட்பாய். அது என் சட்டைப் பையிலேயே இருக்கும். அம்மாவுக்குத் தெரியும், உன்னிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தேன்.

எட்டு மாதம் கழித்து அம்மா விட்ட பக்கங்களைத் தேடிப் பிடித்து, ஒவ்வொரு எழுத்துக்கும் கீழே விரல் வைத்துப் படித்தேன். எல்லாம் உன் கதையின் வில்லன் பளிங்கரசன் வருகிற பக்கங்கள். நகமில்லாத கட்டைவிரல், காதில் செருகிய கண்ணாடி கட்டர், கோடு போடுவதற்கு முன்னால் கண்ணாடியை ஒரு தடவை ஊதிக்கொள்கிற பழக்கம், அப்படியே நான். நான் சத்தமாகச் சிரித்ததில் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தாள். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா. புத்தகத்தை எடுத்துக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போய், என் மகள் என்னை அச்சில் போட்டிருக்கிறாள் என்று காட்டினேன். அவர் சோப்புக் கையோடு படித்துப் பார்த்துவிட்டு, அண்ணே இது வில்லன் என்றார். தெரியும்பா, எவ்வளவு பெரிய வில்லன் பாரு என்றேன்.

கதை கட்டுவது பற்றி எனக்கு என்ன தெரியும், ஆனாலும் வேலை பார்க்கிறவன் இன்னொருவர் வேலையைப் பார்த்தால் சும்மா இருக்க மாட்டான். உன் கதாநாயகி கண்ணாடியில் மூச்சை ஊதி விரலால் எழுதுவதெல்லாம் நிஜமாகவே நடக்கும், ஆவி காய்கிறவரைக்கும்தான் நடக்கும் என்று வைத்தாய் பார், அது தொழில் தெரிந்தவள் வேலை. அடுத்த வரி எழுதுவதற்குள் காய்ந்துவிடுமோ என்று என் விரல் வரியைவிட்டு முன்னால் ஓடியது. பளிங்கரசனுக்குத்தான் நீ கணக்கில்லாமல் கொடுத்துவிட்டாய். மலையைக் கண்ணாடியாக்குகிறான், ஆற்றை நிறுத்துகிறான், பறக்கிற காகத்தை நடுவானத்தில் நிறுத்திவைக்கிறான். இத்தனையும் முடிகிறவனுக்கு ஒரு சின்னப் பெண்ணிடம் என்ன பயம்? ஒரு கண்ணாடி எங்கே உடையும் என்று தெரிந்தால்தான் அதை வெட்ட முடியும். அவன் எங்கே உடைவான் என்று நீ சொல்லவே இல்லை.

அப்புறம் அந்தப் பக்கம். அவள் ஊரைவிட்டுப் போகும்போது கோட்டைச் சன்னலில் மூச்சை ஊதி ஒரு வரி எழுதுகிறாள், அவன் அதைப் படித்துவிட்டுச் சட்டைக் கையால் துடைக்கிறான். அதை மூன்று தடவை படித்தேன். அதற்குமேல் விரல் நகரவில்லை.

நீ போன காலையை நான் சொல்கிறேன், கேள். அதற்கு முதல் நாள்தான், கதை கட்டி எவன் பொழச்சான், போறதுன்னா போ என்று உன்னிடம் கத்தியிருந்தேன். காலையில் மழை. என் மேசை சுவரைப் பார்த்து, முதுகு தெருப்பக்கம். சுவரில் சாத்தியிருந்த ஐந்து நிலைக்கண்ணாடியிலும் நீ தெரிந்தாய், பையோடு, கடைக் கண்ணாடிக்கு வெளியே. நான் கோடு போட்டுக்கொண்டிருந்தேன், நடுவில் நிறுத்த முடியாது என்று நீ நினைத்திருப்பாய். கோடு முடிந்துவிட்டது, சில்லு. போட்ட கோட்டின் மேல் மறுபடியும் கட்டர் சக்கரத்தை ஓட்டினேன். அப்படி ஓட்டினால் சக்கரமும் கெடும், கண்ணாடியும் கோணலாக உடையும், அது இந்தத் தொழிலில் முதல் நாள் சொல்லித் தருகிற பாடம். உன் முகத்தைப் பார்க்காமல் இருக்க எனக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது. திரும்பியபோது நீ ஏறிய கார் தெருமுனையைத் தாண்டிவிட்டது. கடைக் கண்ணாடியில் நீ மூச்சை ஊதி எழுதியது இருந்தது. மழை நாள் என்பதால் கொஞ்ச நேரம் நின்றது. வெளியே போய் உன் பக்கமாக நின்று பார்த்தேன். பத்து எட்டு வைத்தால் முடிவெட்டுகிறவர் கடை, அவருக்கும் அப்போது படிக்கத் தெரியாது, தெருவில் போகிற யாரையாவது கூப்பிட்டிருக்கலாம். வெட்கம். ஓரத்திலிருந்து ஒவ்வொரு எழுத்தாகக் காய்ந்தது. நான் துடைக்கவில்லை. சின்ன வயதில் நீ கடையில் எழுதியதையெல்லாம் பழைய பேப்பரால் துடைத்தேனே, அதுவும் படித்துவிட்டுத் துடைத்ததில்லை. நீ ஏதோ கிறுக்கியிருக்கிறாய், வாங்க வருகிறவர்கள் அழுக்கு என்பார்கள் என்று துடைத்தேன்.

நீ இப்போது எழுதுகிற இரண்டாம் பாகத்தில் பளிங்கரசன் சுக்குநூறாக உடைகிறான் என்று அம்மா சொன்னாள். உடையட்டும், எனக்கு வருத்தமில்லை. அவனுக்கு எழுத்து தெரியாது என்று மட்டும் வை. மலையையும் ஆற்றையும் அடக்குகிறவன் ஒரு வரியின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கட்டும். அவன் உடைகிற இடம் அதுதான், எனக்குத் தெரியும்.

நீ போய் ஆறு வருடமாகிறது. போன் மணி அடித்தால் நான்தான் முதலில் எழுந்திருப்பேன், பிறகு அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நிற்பேன். உன் குரல் அந்தக் கருவியின் ஓரத்தில் சன்னமாகக் கசியும், வார்த்தை புரியாது. போன வாரம் மேசையைத் தெருப்பக்கம் திருப்பிப் போட்டேன். வெளிச்சம் கண்ணில் அடிக்கிறது, நான்கு கண்ணாடி வீணாகிவிட்டது, இந்த வயசுல உங்களுக்கு என்ன கோளாறு என்கிறாள் அம்மா. பழகிவிடும். வாசலில் யார் வந்து நின்றாலும் இனி என் முகம்தான் முதலில் தெரியும்.

உடம்பைப் பார்த்துக்கொள். குளிர் காலத்தில் காதை மூடிக்கொண்டு போ. குனிந்தே எழுதாதே, கழுத்து பிடித்துக்கொள்ளும், எனக்கு இப்போதே பிடித்திருக்கிறது. நீ எழுதுகிறதெல்லாம் நல்லபடியாக வர வேண்டும், நீ நூறு வயது இருக்க வேண்டும். அம்மாவின் அன்பும் இதில் இருக்கிறது, இடம் போதவில்லை என்று சொல்லிவிட்டேன். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அன்றைக்குக் கண்ணாடியில் என்ன எழுதினாய் என்று எனக்கு எழுது. திட்டாக இருந்தாலும் எழுது. பெரிய எழுத்தாக, இடம் விட்டு எழுது. போனில் அம்மாவிடம் சொல்லிவிடாதே, நான் படிக்க வேண்டும்.

உன் பள்ளித் தாள்களில் நான் போட்ட கையெழுத்து அம்மா போட்டுக் காட்டியதைப் பார்த்து வரைந்த படம். கீழே இருப்பது எழுதியது.

அப்பா