அம்மா உன் பேரைச் சொன்ன நாள்

என் ஆசை அக்கா மலருக்கு,

பிள்ளைச்சாவடியில் எல்லோரும் இருக்கிறோம். நலமா என்று கேட்காதே. அம்மா மீன் விற்றுவிட்டு வந்ததும் கூடையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு உன்னைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறாள். நீ இருந்தபோது பேசாததையெல்லாம் இப்போது பேசுகிறாள். கேட்கத்தான் நீ இல்லை.

இதை வாசிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. இந்த வீட்டுக்கு மூத்த மகன் என்றுதான் உன்னைச் சொன்னார்கள். வயசு வந்ததும் ஒருநாள் சேலை கட்டி வந்து நின்றாய், அப்பா கதவைச் சாத்தினார். டவுனில் உன்னைப் போன்ற தோழிகளோடு வாடகை வீட்டில் இருந்தாய். அப்பா இறந்த பிறகும் வீட்டு வாசலோடுதான் வந்து போனாய்.

நான் உன்னை அக்கா என்றேன். அம்மா பழைய பேரையும் சொல்லவில்லை, மலர் என்றும் சொல்லவில்லை. 'வந்தான்' என்றும் அவளுக்கு வாய் வராது, 'வந்தா' என்றும் வராது. 'புள்ள வந்துச்சா, புள்ள சாப்டுச்சா' என்று என்னிடம் கேட்பாள். அதைக் கேட்டு நீ சிரிப்பாய். சிரித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாய்.

பீச் ரோட்டில் உங்கள் ஊர்வலத்துக்கு அட்டை எழுதினோமே, ஞாபகம் இருக்கிறதா? வெளியூரிலிருந்து வந்த நண்பர்கள் கோஷங்களை எழுதியே கொண்டுவந்திருந்தார்கள். 'நாங்களும் மனிதர்களே' என்ற அட்டையைத் தூக்க மாட்டேன் என்றாய். அதையும் கத்தித்தான் சொல்ல வேண்டுமா என்று கேட்டாய். 'எங்கள் அடையாளம், எங்கள் பெருமை' என்று இன்னொன்று. அதை மட்டும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"பெருமைய நானே எப்பிடிடி பட்டுக்கறது? நம்ம அம்மா இல்ல படணும்" என்றாய்.

பிறகு உன் கையாலேயே எழுதினாய்: 'பெற்றவர்களே, எங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுங்கள்.'

அந்த அட்டையோடு நீ நிற்கிற படம் பேப்பரில் வந்தது. படிக்கத் தெரியாத அம்மா, அதில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டாள். வாசித்தேன். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். அப்புறம் சங்கரா மீனைச் செதிலெடுக்கப் போய்விட்டாள். அம்மா என்ன சொன்னாள் என்று நீ போனில் கேட்டபோது, மீன் செதிலெடுக்கப் போய்விட்டாள் என்றேன்.

உனக்கு மஞ்சள் காமாலை முற்றியது அதற்குப் பிறகுதான். டவுனில் ஒரு நர்சிங் ஹோமில் சேர்த்தோம். ரேஷன் கார்டில் இருந்த பழைய பேரையே எழுதி, உன்னை மாடியில் ஆண்கள் வார்டில் போட்டார்கள். சண்டை போட்ட உன் தோழிகளை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

ஒருநாள் நான் துணிக்கடை வேலைக்குப் போயிருந்தபோது அம்மா தனியாக பஸ் ஏறி வந்திருக்கிறாள். அவள் வருவாள் என்று யாருமே நினைக்கவில்லை. மலர் என்று யாராவது இருக்கிறாளா, என் பொண்ணு என்று கேட்டிருக்கிறாள். பெண்கள் வார்டில் தேடிவிட்டு, அப்படி யாரும் இல்லை என்றார்களாம்.

சாயங்காலம் நான் வந்தபோது அம்மா கீழே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மடியில் தூக்குவாளி. உனக்கென்று கொண்டுவந்த கஞ்சி ஆறிப்போயிருந்தது. நீ நேர் மேலே படுத்திருந்தாய். பழைய பேரைச் சொல்லியிருந்தால் மத்தியானமே காட்டியிருப்பார்களே அம்மா என்றேன்.

"அந்தப் பேரச் சொல்லக் கூடாதுன்னுதாண்டி வூட்லேர்ந்தே கெளம்பி வந்தேன்" என்றாள்.

மாடிக்குக் கூட்டிப் போனேன். மத்தியானம் வரை பேசிக்கொண்டிருந்தாய் என்று பக்கத்துக் கட்டில்காரர் சொன்னார். நாங்கள் வந்தபோது உனக்கு நினைவில்லை. அம்மா உன் காதோரம் குனிந்து, "மலரு, அம்மா வந்திருக்கேன்" என்றாள். திரும்பத் திரும்பச் சொன்னாள். நீ கண் திறக்கவே இல்லை.

உனக்குக் கேட்டதா அக்கா?

இப்போது பேப்பரில் திருநங்கை என்று மரியாதையாக எழுதுகிறார்கள். டெல்லி கோர்ட்டில் உங்களைப் போன்றவர்கள் பக்கம் ஒரு தீர்ப்பு வந்தது. உன் தோழிகள் பீச் ரோட்டில் மிட்டாய் கொடுத்தார்கள். எனக்கும் ஒன்று கொடுத்தார்கள். அம்மாவிடம் கொண்டுவந்து கொடுத்தேன்.

வர்ற ஞாயிற்றுக்கிழமை காலாப்பட்டிலிருந்து என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். கூடப் பிறந்தவர்கள் யார் என்று கேட்டால், ஓர் அண்ணன் இருந்தான், கடலுக்குப் போனவன் திரும்பவில்லை என்று சொல்லச் சொல்கிறார் சித்தப்பா. அம்மா உன் போட்டோவைத் துடைத்துக் கூடத்தில் மாட்டிவிட்டாள், நீ பச்சைச் சேலை கட்டி நிற்கிற படத்தை.

அவர்கள் கேட்பார்கள். எனக்கு ஓர் அக்கா இருந்தாள், பேர் மலர் என்று சொல்வேன். எழுந்து போகிறவர்கள் போகட்டும். இது உனக்கு நான் தருகிற வாக்கு.

உன் கூடப் பிறந்த தங்கச்சி,
வசந்தி